'வினைத்திறன்' என்றொரு சொல்: எட்ஜ்வுட் பெற்றோரின் இரண்டு வழக்குகள்

1968 மே 16 ஆம் திகதி, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், சான் அன்டோனியோ நகரத்தின் எட்ஜ்வுட் உயர்நிலைப் பாடசாலை மாணவர்கள் ஏறத்தாழ 400 பேர் வகுப்பைவிட்டு வெளியே வந்தார்கள். கட்டடங்கள் பழுது, பாடப் பொருட்கள் போதாது, தகுதிபெற்ற ஆசிரியர்கள் குறைவு என்பவைதான் அவர்களுடைய முறைப்பாடு. பெரும்பாலும் மெக்சிக்க வம்சாவளிக் குடும்பங்கள் வாழ்ந்த பகுதி அது. பிள்ளைகள் வெளியே வந்த பிறகுதான் பெற்றோர் கூடிக் கதைக்கத் தொடங்கினார்கள். அந்தப் பெற்றோரில் ஒருவர் டெமெட்ரியோ ரொட்ரிகஸ். கெல்லி விமானப்படைத் தளத்தில் உலோகத் தகடு வேலை செய்தவர், முன்னாள் படைவீரர். அதே ஆண்டு தொடரப்பட்ட வழக்கில் முதலாவது பெயர் அவருடையது.

முதலில் அவர்கள் நினைத்தது, தங்கட பாடசாலை நிர்வாகம் காசை ஒழுங்காகச் செலவழிக்கவில்லை என்றுதான். கணக்கைப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. செலவழிக்கவே அங்கு காசு இருக்கவில்லை.

இதை விளங்கிக்கொள்ள அமெரிக்கப் பாடசாலைகளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரியவேண்டும். அங்கே 'பாடசாலை மாவட்டம்' என்று ஒரு அலகு இருக்கிறது. எங்கட கல்வி வலயம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதற்கு வரி அறவிடும் அதிகாரமும் உண்டு. அந்த எல்லைக்குள் இருக்கிற வீடு, காணி, கடை, தொழிற்சாலை எல்லாவற்றுக்கும் ஆதனவரி அறவிட்டு, அதில் ஒரு பெரிய பகுதியை வைத்துத்தான் பாடசாலை நடத்துவார்கள். உங்கட ஊர்ச் சபைக்குக் கட்டுகிற சோலைவரியில் உங்கட பாடசாலை ஆசிரியரின் சம்பளம் தங்கியிருந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பெரிய வீடுகள் இருக்கிற ஊரில் நல்ல பாடசாலை. குடிசைகள் இருக்கிற ஊரில்?

எட்ஜ்வுட்டில் ஒரு மாணவருக்கு 5,960 டொலர் பெறுமதியான ஆதனம் இருந்தது. அதே நகரத்தின் இன்னொரு பக்கத்தில், வசதியான வெள்ளையர்கள் கூடுதலாக வாழ்ந்த அலமோ ஹைட்ஸ் மாவட்டத்தில் ஒரு மாணவருக்கு 49,000 டொலருக்கும் மேல். எட்ஜ்வுட் மக்கள் ஒவ்வொரு 100 டொலர் ஆதனத்துக்கும் 1.05 டொலர் வரி கட்டினார்கள். அலமோ ஹைட்ஸ் மக்கள் கட்டியது 0.85 டொலர். அதாவது ஏழைகள் கூடுதலான வீதத்தில் வரி கட்டினார்கள். அப்படிக் கட்டியும், மாநிலத்தின் பொதுத் திட்டத்துக்குரிய பங்கு போக, எட்ஜ்வுட்டால் சொந்தமாகத் திரட்ட முடிந்தது ஒரு மாணவருக்கு 26 டொலர். அலமோ ஹைட்ஸ் திரட்டியது 333 டொலர். மாநில உதவி, மத்திய அரசின் உதவி எல்லாவற்றையும் கூட்டினால் 1967-68 கல்வியாண்டில் எட்ஜ்வுட் பிள்ளைக்கு 356 டொலர், அலமோ ஹைட்ஸ் பிள்ளைக்கு 594 டொலர். இவை வழக்கில் யாரும் மறுக்காத எண்கள்.

1971 இல் மூன்று நீதிபதிகள் கொண்ட சமஷ்டி நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது. டெக்சாஸ் மேன்முறையீடு செய்தது. 1973 மார்ச் 21 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் 5 க்கு 4 என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பைக் கவிழ்த்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய லூயிஸ் பவல், நீதியரசராக வருவதற்கு முன்பு ரிச்மண்ட் நகரப் பாடசாலைச் சபையின் தலைவராக இருந்தவர். அவருடைய நியாயம் சுருக்கமாக இதுதான்: கல்வி முக்கியமானது, ஆனால் அமெரிக்க அரசியலமைப்பில் கல்வி என்ற உரிமை எழுதப்படவில்லை. எழுதப்படாத ஒன்றை நீதிமன்றம் அடிப்படை உரிமையாக்க முடியாது. இன்னொரு பயமும் தீர்ப்பில் தெரிகிறது. டெக்சாஸின் முறை பிழை என்றால் ஏறக்குறைய நாடு முழுவதிலும் பாடசாலை நிதி முறை பிழையென்றாகிவிடும். ஒரு தீர்ப்பால் அத்தனையையும் கலைக்க அவர்கள் தயாராக இருக்கவில்லை.

எதிர்த்து நின்ற நால்வரில் ஒருவர் தர்குட் மார்ஷல். 1954 இல் கறுப்பின மாணவர்களுக்கான பிரவுண் வழக்கை வாதாடி வென்ற அதே சட்டத்தரணி, அப்போது நீதியரசர். அவருடைய நீண்ட மறுப்புத் தீர்ப்பில் 100 ஆவது அடிக்குறிப்பு ஒன்று இருக்கிறது. மாநிலங்களின் அரசியலமைப்புகளின் கீழ் இதே கேள்வியை மறுபடி ஆராய்வதற்கு இந்தத் தீர்ப்பு எந்தத் தடையும் இல்லை என்பது அதன் சாரம். அடிக்குறிப்புகளை யார் வாசிக்கிறார்கள் என்று கேட்கலாம். சட்டத்தரணிகள் வாசித்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னோக்கிப் போகவேண்டும். ஏனெண்டால் ஒற்றையாட்சி நாட்டில் வளர்ந்த எங்களுக்கு 'மாநில அரசியலமைப்பு' என்பது உடனே பிடிபடாத விஷயம். எங்கட மாகாணசபைகள் 13 ஆவது திருத்தத்தாலும் பாராளுமன்றச் சட்டத்தாலும் உருவானவை. வடக்குக்கோ கிழக்குக்கோ ஊவாவுக்கோ சொந்தமாக ஒரு யாப்பு இல்லை. அமெரிக்காவில் கதை தலைகீழ். பென்சில்வேனியா 1776 இலேயே தனக்கொரு யாப்பை எழுதிவிட்டது, மசசூசெட்ஸ் 1780 இல். நாட்டுக்கான அரசியலமைப்பு எழுதப்பட்டது அதற்குப் பிறகு, 1787 இல். இன்றைக்கும் 50 மாநிலங்களுக்கும் 50 யாப்புகள், ஒவ்வொன்றிலும் உரிமைகளின் பட்டியல், அதை விளக்க ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனியான உச்ச நிலை நீதிமன்றம்.

இவை வெறும் அலங்காரமில்லை. மசசூசெட்ஸ் யாப்பின் முதலாவது பிரிவு எல்லா மனிதரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்று சொல்கிறது. எழுதியவர்கள் அதை எவ்வளவு தீவிரமாக நினைத்தார்களோ தெரியாது, ஆனால் எலிசபெத் ஃப்ரீமன் என்ற அடிமைப் பெண் 1781 இல் அந்த வசனத்தை அப்படியே எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போனார், விடுதலையானார். 1783 இல் குவொக் வோக்கர் என்ற அடிமை மனிதரோடு தொடர்புபட்ட வழக்கில், மாநிலப் பிரதம நீதியரசர் வில்லியம் குஷிங் அந்தப் பிரிவோடு அடிமைமுறை ஒத்துப்போகாது என்று ஜூரிகளுக்கு எடுத்துரைத்தார். 1790 சனத்தொகைக் கணக்கெடுப்பில் மசசூசெட்ஸில் ஓர் அடிமையும் பதிவாகவில்லை. நாட்டின் அரசியலமைப்பு அடிமைமுறையை ஒழித்தது 1865 இல். நடுவில் 80 வருடத்துக்கு மேல்!

பிறகு நீண்ட காலம் இந்த மாநில யாப்புகள் தூசி படிந்து கிடந்தன. 1950களிலும் 60களிலும் அமெரிக்க உயர் நீதிமன்றமே ஒன்றன்பின் ஒன்றாக உரிமைகளை விரித்துக்கொண்டு போனதால் மாநில நீதிமன்றத்தைத் தேடிப் போகிற தேவை குறைந்தது. தென் மாநிலங்களில் 'மாநில உரிமை' என்ற சொல்லே நிறப்பாகுபாட்டைக் காப்பாற்றுகிற கோஷமாக இருந்தது என்பதையும் மறக்கக்கூடாது. 70களில் உயர் நீதிமன்றத்தின் போக்கு மாறியதும் காட்சி மாறியது. ரொட்ரிகஸ் வழக்கில் மார்ஷலோடு எதிர்த்து நின்றவர்களில் இன்னொருவரான வில்லியம் பிரெனன் 1977 இல் ஹார்வர்ட் சட்ட இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அவரும் ஒரு காலத்தில் நியூ ஜேர்சி மாநில உயர் நீதிமன்றத்தில் இருந்தவர். நாட்டின் அரசியலமைப்பு தருவது குறைந்தபட்ச அளவுதான், அதற்கு மேலே கொடுக்க மாநில நீதிமன்றங்களுக்குச் சொந்தமாக ஒரு யாப்பு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள் என்பதே அவருடைய அழைப்பு. மாநில நீதிமன்றம் 'இது எங்கள் யாப்பின்படி மட்டும் சொல்லப்படும் தீர்ப்பு' என்று தெளிவாக எழுதிவிட்டால் வொஷிங்டனில் இருக்கிற உயர் நீதிமன்றம் அதில் கைவைக்க முடியாது. 1983 இல் ஒரு மிச்சிகன் வழக்கில் அந்த நீதிமன்றமே இதை விதியாக எழுதி வைத்தது.

ஆனால் பிரெனன் எழுதுவதற்கு முன்பே நியூ ஜேர்சி தொடங்கிவிட்டது. ரொட்ரிகஸ் தீர்ப்பு வந்து சரியாக 13 நாளில், 1973 ஏப்ரல் 3 இல், ரொபின்சன் எதிர் கேஹில் வழக்கில் அதன் உயர் நீதிமன்றம் பாடசாலை நிதி முறையைச் செல்லாது என்று சொன்னது. ஆதாரம், 1875 இல் மாநில யாப்பில் சேர்க்கப்பட்ட ஒரு வரி: 'முழுமையான, வினைத்திறனான' இலவசப் பாடசாலை முறைமையை மாநிலம் நடத்தவேண்டும். சட்டமன்றம் இழுத்தடித்தது. பணம் ஒதுக்க வருமான வரி வேண்டும், வருமான வரி போட்டால் அடுத்த தேர்தலில் தோல்வி. கடைசியில் நீதிமன்றம் 1976 ஜூலை 1 முதல் பாடசாலைகளுக்கு ஒரு சதமும் செலவழிக்கக்கூடாது என்று தடை போட்டது. கோடை விடுமுறைக் காலம்தான், எண்டாலும் அடி பட்டது. எட்டு நாளில் நியூ ஜேர்சி தன் வருமான வரிச் சட்டத்தை நிறைவேற்றியது. நீதிமன்றம் ஒன்று இவ்வளவு முரட்டுத்தனமாக நடந்து வெற்றிபெற்ற சம்பவங்கள் அதிகம் இல்லை.

இனி டெக்சாஸ். அந்த மாநிலத்தின் யாப்பு 1875 இல் எழுதப்பட்டு 1876 இல் நடைமுறைக்கு வந்தது. உள்நாட்டுப் போருக்குப் பிந்திய மீளமைப்பு அரசாங்கத்தின் செலவுகளை வெட்டவேண்டும் என்ற கோபத்தோடு கூடியவர்கள்தான் அதை எழுதியவர்களில் பெரும்பாலானோர். சிக்கனக்காரர்கள். ஆனாலும் அதன் 7 ஆவது உறுப்புரையின் முதலாவது பிரிவில், மக்களின் சுதந்திரங்களையும் உரிமைகளையும் பாதுகாக்க அறிவு பரவலாகப் பரவுவது அவசியம் என்றும், அதனால் 'வினைத்திறனான' இலவசப் பொதுப் பாடசாலை முறைமையை ஏற்படுத்துவது சட்டமன்றத்தின் கடமை என்றும் எழுதி வைத்தார்கள். எங்கட திணைக்களங்களின் சுவரில் 'வினைத்திறனான சேவை' என்று தொங்குமே, அதே சொல்தான். ஒருத்தரும் இரண்டாம் தரம் வாசிக்காத சொல்.

எட்ஜ்வுட் அதை இரண்டாம் தரம் வாசித்தது. 1984 இல், மெக்சிக்க-அமெரிக்கரின் உரிமைகளுக்காக வாதாடும் மால்டெஃப் என்ற சட்ட அமைப்பின் துணையோடு, இந்தமுறை மாநில நீதிமன்றத்தில், மாநில யாப்பின் கீழ் வழக்குப் போட்டார்கள். எட்ஜ்வுட் எதிர் கேர்பி. அரசாங்கத் தரப்பின் வாதம் சுவாரசியமானது: 'எஃபிஷியன்ட்' என்றால் எளிமையான, செலவு குறைந்த முறை என்றுதான் 1875 இல் அர்த்தம், அதை எழுதியவர்கள் சிக்கனக்காரர்கள் இல்லையா?

1989 ஒக்டோபர் 2 இல் டெக்சாஸ் உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களும் ஒருமித்து எட்ஜ்வுட் பக்கம் தீர்ப்பளித்தார்கள். டெக்சாஸில் நீதியரசர்கள் கட்சிச் சின்னத்தோடு தேர்தலில் நின்று வருபவர்கள். அந்த ஒன்பது பேரில் இரண்டு கட்சிக்காரரும் இருந்தார்கள். எழுதியவர் ஒஸ்கார் மோசி. அந்தக் காலத்து அகராதிகளையும் 1875 மாநாட்டின் பேச்சுக்களையும் எடுத்துப் பார்த்து, வினைத்திறன் என்றால் மலிவு என்று அர்த்தமில்லை, வளங்களை வீணாக்காமல் பலன் தருவது என்றுதான் அன்றும் அர்த்தம் இன்றும் அர்த்தம் என்றார்கள். பிறகு எண்களுக்கு வந்தார்கள். மாநிலத்தின் மிகப் பணக்கார மாவட்டத்துக்கும் மிக ஏழை மாவட்டத்துக்கும் இடையில் ஒரு மாணவருக்கான ஆதனப் பெறுமதியின் விகிதம் 700 க்கு 1. எட்ஜ்வுட்டில் 38,854 டொலர், அலமோ ஹைட்ஸில் 570,109 டொலர். 1968 இல் எட்டு மடங்காக இருந்த இடைவெளி இப்போது பதினான்கு மடங்கைத் தாண்டிவிட்டது. ஒரே அளவு வரிச் சுமையைத் தாங்குகிற மக்களுக்கு ஏறத்தாழ ஒரே அளவு வளம் கிடைக்கவேண்டும், இல்லையென்றால் அதை வினைத்திறனான முறைமை என்று சொல்ல முடியாது. இதுதான் தீர்ப்பு.

அதே ஊர், அதே அநியாயம். 1973 இல் 5 க்கு 4 தோல்வி, 1989 இல் 9 க்கு 0 வெற்றி. மாறியது எந்தத் தாளை நீதிபதி கையில் எடுத்து வாசித்தார் என்பதுதான். பவலின் கையிலிருந்த தாளில் கல்வி என்ற சொல்லே இல்லை; மோசியின் தாளில் அது ஒரு கடமையாக, சட்டமன்றத்தின் பெயரைச் சொல்லி எழுதப்பட்டிருந்தது. அரசாங்கம் எதைச் செய்யக்கூடாது என்று சொல்வதில்தான் நாட்டின் அரசியலமைப்புக்குக் கூடுதல் அக்கறை. மாநில யாப்புகளோ அரசாங்கம் எதைச் செய்தே ஆகவேண்டும் என்றும் சொல்லுகின்றன. என் பார்வையில் இந்த வேறுபாடுதான் முழுக் கதையின் சாவி.

எங்கட 1978 யாப்பிலும் கல்வி இருக்கிறது. 27 ஆவது உறுப்புரை, எல்லா மட்டங்களிலும் கல்விக்கான சமமான வாய்ப்பு என்று அழகாகச் சொல்கிறது. அடுத்து 29 ஆவது உறுப்புரை வந்து, இந்தக் கோட்பாடுகளை எந்த நீதிமன்றத்திலும் வலியுறுத்த முடியாது என்று கதவைச் சாத்துகிறது. அதனால்தான் முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்க முடியாத பெற்றோர் இங்கே கல்வி உரிமை என்று வழக்குப் போடுவதில்லை, 12 ஆவது உறுப்புரையின் சமத்துவத்தைப் பிடித்துக்கொண்டு உயர் நீதிமன்றம் போகிறார்கள். டெக்சாஸ் அரசாங்கமும் தன் யாப்பின் அந்த வரி அரசியல்வாதிகளுக்கான அறிவுரை மட்டும்தான், நீதிமன்றத்துக்கு அதில் வேலையில்லை என்றுதான் வாதாடியது. ஆனால் அங்கே கதவைச் சாத்த 29 ஆவது உறுப்புரை இருக்கவில்லை.

இதை வைத்து மாநில நீதிமன்றம் என்றால் வெற்றி நிச்சயம் என்று நினைத்துவிடக்கூடாது. இலினோய் மாநிலத்தின் யாப்பிலும் அதே 'வினைத்திறன்' இருக்கிறது. 'உயர்தரமான' என்றும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். 1996 இல் அதன் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 1970 இல் யாப்பை எழுதியவர்கள் நிதிச் சமத்துவம் பற்றிப் பேசினார்கள், ஆனால் ஏற்றுக்கொள்ளவில்லை, தரத்தை அளப்பது சட்டமன்றத்தின் வேலை என்றது. ஒரே சொல்லுக்கு இரண்டு மாநிலத்தில் இரண்டு விதி. இது நியாயமா என்று கேட்டால், எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. இலினோயில் பிறந்த ஏழைப் பிள்ளை என்ன குற்றம் செய்தது?

மாநில நீதியரசர்களின் கதிரையும் அவ்வளவு உறுதியானதில்லை. அயோவா உயர் நீதிமன்றம் 2009 இல் ஒருபாலினத் திருமணத்தை மாநில யாப்பின் கீழ் ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு நடந்த வாக்கெடுப்பில் அந்த நீதியரசர்களில் மூன்று பேரை மக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். யாப்புகளையும் இலகுவாகத் திருத்தலாம். நாட்டின் அரசியலமைப்புக்கு இதுவரை 27 திருத்தங்கள். டெக்சாஸ் யாப்புக்கு 500 க்கும் மேல்.

டெக்சாஸில் தீர்ப்புக்குப் பிறகு நடந்ததையும் சொல்லவேண்டும். சட்டமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது, பணக்கார மாவட்டங்கள் தப்பிவிடுகின்றன என்று 1991 இல் நீதிமன்றம் அதை நிராகரித்தது. அயல் மாவட்டங்களை ஒன்றாகச் சேர்த்து வரி அறவிடும் அடுத்த சட்டத்தையும் 1992 இல் நிராகரித்தது, காரணம் மாநில அளவிலான ஆதனவரியை அதே மாநில யாப்பின் இன்னொரு பிரிவு தடைசெய்கிறது. ஒரு கையால் கொடுத்த யாப்பு மற்றக் கையால் பிடித்து வைத்தது. சரி, யாப்பையே திருத்துவோம் என்று 1993 மே மாதம் மக்களிடம் போனார்கள். மக்கள் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். அந்த மாதமே அவசரமாக நிறைவேற்றிய சட்டத்துக்கு 'ரொபின் ஹூட்' என்று பட்டப்பெயர் விழுந்தது. ஒரு மாணவருக்கு 280,000 டொலருக்கு மேல் ஆதனம் உள்ள மாவட்டம் மிச்சத்தைப் பகிரவேண்டும். 1995 இல் நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. பணம் அனுப்பும் மாவட்டங்களில் அலமோ ஹைட்ஸும் ஒன்று. இடைவெளி உண்மையிலேயே குறைந்தது. பிறகு காணி விலைகள் ஏறி, ஏழை மாணவர்கள் நிறைந்த ஒஸ்டின் நகர மாவட்டமே மிகக் கூடுதலாகப் பணம் அனுப்பவேண்டிய நிலை வந்தது வேறு கதை.

1968 இல் வகுப்பைவிட்டு வெளியே வந்த மாணவர்கள் 1989 தீர்ப்பு வந்தபோது முப்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள். அவர்களுக்கு அந்தத் தீர்ப்பால் ஒரு புத்தகம்கூடக் கிடைக்கவில்லை.

2011 இல் டெக்சாஸ் சட்டமன்றம் பாடசாலை நிதியைப் பெருந்தொகையாக வெட்டியபோது மறுபடி வழக்கு. வழக்காளி மாவட்டங்களில் எட்ஜ்வுட்டும் இருந்தது. 2013 பெப்ரவரியில் ஒஸ்டினில் விசாரணை நீதிபதி நிதி முறை யாப்புக்கு முரண் என்று அறிவித்தார். அந்த ஏப்ரலில் டெமெட்ரியோ ரொட்ரிகஸ் தனது 87 ஆவது வயதில் காலமானார். 2016 மே மாதம் டெக்சாஸ் உயர் நீதிமன்றம் விசாரணை நீதிபதியின் தீர்ப்பை மாற்றியது: முறை சிக்கலானது, குறைபாடுள்ளது, எண்டாலும் யாப்பு கேட்கிற குறைந்தபட்ச அளவைத் தொடுகிறது. இந்தமுறையும் ஒன்பது பேரும் ஒருமனதாக.